ரோமானியக் குடியரசு: ஒரு ட்ரிப்யூன் ‘கூடாது’ என்றால் நிஜமாகவே எல்லாம் நின்றுவிடுமா?

அரையணா எழுதியது:

ரோமானியக் குடியரசு பற்றிய எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் ஒரு செய்தி கட்டாயம் வரும்: பத்து மக்கள் ட்ரிப்யூன்களில் (சாமானியர்கள் தேர்ந்தெடுத்த பாதுகாவலர்கள்) எவர் ஒருவர் வீட்டோ (‘கூடாது’ என்ற தடை) போட்டாலும் அரசின் எந்த நடவடிக்கையும் நின்றுவிடும். சரி. நாலு பக்கம் தள்ளிப் பார்த்தால் கான்சல்கள் (ஆண்டுக்கு இருவராக வரும் தலைமை அதிகாரிகள்) படை திரட்டுகிறார்கள், செனட் மாகாணங்களைப் பங்கிடுகிறது, சட்டங்கள் வரிசையாக நிறைவேறுகின்றன. பத்துப் பேரில் ஒருவரைக் கைக்குள் போட்டுக்கொண்டால் போதும் என்றால் பணக்காரக் குடும்பங்கள் தினம் தினம் அதைத்தானே செய்திருக்கும்?

எனக்கு வேண்டியது நடைமுறை. வீட்டோவை எந்தக் கட்டத்தில் போடலாம், எதன் மீது போட முடியாது, எதிராளி அதை எப்படித் தாண்டினார். “மன்னராட்சி, பிரபுக்களாட்சி, மக்களாட்சி மூன்றின் கலவை” என்ற பதிலைத் தயவுசெய்து தவிர்க்கவும். அது எல்லா இடத்திலும் கிடைக்கிறது.

---

செப்பேடு எழுதியது:

எல்லையிலிருந்து தொடங்கலாம். ட்ரிப்யூனின் அதிகாரம் ரோம் நகரத்தின் முதல் மைல்கல்லோடு சரி. அதைத் தாண்டிவிட்டால் படைத்தலைவரோ மாகாண ஆளுநரோ செய்வதை அவர் தொட முடியாது. கி.மு. 73 முதல் 71 வரை சிசிலியைச் சுரண்டிய வெர்ரஸை ரோமில் உட்கார்ந்திருந்த எந்த ட்ரிப்யூனாலும் தடுத்திருக்க வழியில்லை. பதவி முடிந்து ஊர் திரும்பிய பிறகு வழக்குப் போடலாம், அவ்வளவுதான்.

அடுத்து, ஆள் நேரில் நிற்க வேண்டும். ஓலை எழுதி அனுப்பியோ அடியாளை விட்டுச் சொல்லச் சொல்லியோ தடுக்க முடியாது. லத்தீன் திருவிழா நீங்கலாக ட்ரிப்யூன் ஓர் இரவுகூட நகருக்கு வெளியே தங்கக் கூடாது, அவர் வீட்டுக் கதவு இரவும் பகலும் திறந்தே கிடக்க வேண்டும் என்ற விதிகளுக்குக் காரணம் இதுதான்.

யார் யாரைத் தடுக்கலாம் என்பதற்கு ஒரு பொதுக் கணக்கு உண்டு. சம பதவியில் இருப்பவரும் மேல் பதவியில் இருப்பவரும் தடுக்கலாம். ஆகவே ஒரு கான்சல் மற்ற கான்சலைத் தடுக்கலாம், அடுத்த நிலை அதிகாரியான பிரேட்டரையும் தடுக்கலாம். ட்ரிப்யூன் இவர்கள் எல்லாரையும் தடுக்கலாம், சக ட்ரிப்யூனையும்கூட. ஆனால் கான்சலால் ட்ரிப்யூனைத் தடுக்க முடியாது. கி.மு. 287இல் வந்த ஹோர்டென்சியஸ் சட்டத்துக்குப் பிறகு பிளெபியர் (சாமானியர்) மன்றம் எடுக்கும் முடிவு பேட்ரிசியர் (பழம் பிரபுக் குடும்பத்தார்) உட்பட எல்லாரையும் கட்டுப்படுத்தும். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: ஒரு ட்ரிப்யூன் அந்த மன்றத்தில் மசோதா கொண்டுவந்தால் வீட்டோ போட்டு அதை நிறுத்தக்கூடியவர் இன்னொரு ட்ரிப்யூன் மட்டுமே. கடைசி நூறு ஆண்டுச் சண்டைகளில் பாதி இந்த இடத்தில்தான் வெடித்தன.

இனி மசோதாவின் பயணம். அதைக் கொண்டுவருபவர் வாசகத்தை எழுதிப் பொது இடத்தில் வைத்து அறிவிப்பார். அறிவிப்புக்கும் வாக்கெடுப்புக்கும் நடுவே மூன்று சந்தை நாட்கள் கழிய வேண்டும்; சந்தை எட்டு நாளுக்கு ஒருமுறை. கி.மு. 98இன் கேசிலியஸ்–டிடியஸ் சட்டம் இந்த இடைவெளியை உறுதியாக்கியது, சம்பந்தமில்லாத விஷயங்களை ஒரே மசோதாவில் கட்டித் தள்ளுவதையும் தடை செய்தது. இடைப்பட்ட நாட்களில் கோன்டியோ என்ற கூட்டங்கள் நடக்கும். அங்கே பேச்சு மட்டும்தான், வாக்கு கிடையாது.

வாக்கெடுப்பு நாளில் விடியுமுன் சகுனம் பார்ப்பார்கள். பிறகு பிரார்த்தனை. அடுத்து எழுத்தர் அடியெடுத்துக் கொடுக்க, கட்டியக்காரர் மசோதாவை உரக்கப் படிப்பார். வீட்டோவுக்கு வழக்கமான தருணம் இந்த வாசிப்பு. ட்ரிப்யூன் எழுத்தரைப் பார்த்துப் “படிக்காதே” என்பார். வாசிப்பு முடிந்து, மக்கள் தத்தம் தொகுதிவாரியாகப் பிரிந்து நின்று, வாக்கு விழுந்து, முடிவும் அறிவிக்கப்பட்டுவிட்டால் அதற்குப்பின் வீட்டோ செல்லாது.

எட்டாத இடங்களும் உண்டு. நடுவர் மன்றங்களின் தீர்ப்பை ட்ரிப்யூன் நிறுத்த முடியாது. கான்சல்களுக்கு எந்த மாகாணம் என்பதைத் தேர்தலுக்கு முன்பே செனட் முடிவு செய்ய வேண்டும் என்று கையஸ் கிராக்கஸ் கி.மு. 123இல் சட்டம் கொண்டுவந்தார். அந்த முடிவுக்கு வீட்டோ விலக்கும் கொடுத்தார். அதைச் செய்தவரே ஒரு ட்ரிப்யூன் என்பது சுவாரசியம்.

---

தெற்குவாசல் எழுதியது:

அரையணா கேட்டதுல முக்கியமானது, ஏன் தினமும் எவனாவது ஒருத்தன் தடுக்கலைங்கிறது. அதுக்குச் சட்டத்துல பதில் கிடையாது, அரசியல்லதான் இருக்கு.

ட்ரிப்யூன் பதவி ஒரு வருஷம். டிசம்பர் 10ஆம் தேதி பதவியேற்பு. (கி.மு. 153லேர்ந்து கான்சல்கள் ஜனவரி 1ல ஏறுவாங்க. அதனால டிசம்பர் கடைசி மூணு வாரம் புது ட்ரிப்யூன், பழைய கான்சல். வம்பு பண்ண அருமையான காலம்.) அந்த ஒரு வருஷம் முடிஞ்சதும் அவரு ஏடில் (நகர நிர்வாக அதிகாரி), பிரேட்டர்னு அடுத்த படிக்கு நிக்கணும். ஊருக்கே பிடிச்ச மசோதாவைத் தடுத்தவருக்கு அப்புறம் எவன் ஓட்டுப் போடுவான்?

அதனால நடைமுறைல வீட்டோங்கிறது பெரும்பாலும் மிரட்டல். “இதைக் கொண்டுவந்தா நான் குறுக்க நிப்பேன்”னு செனட்லயே சொல்லிடுவாங்க. பேரம் நடக்கும், மசோதால ரெண்டு வரி மாறும், வீட்டோ வாபஸ். இல்லேன்னா மசோதாக்காரர் கோன்டியோவைக் கூட்டி, தடுக்கிறவரை மேடையில ஏத்தி, “ஏன் தடுக்கிறேன்னு ஜனங்ககிட்டயே சொல்லு”ம்பார். கீழேர்ந்து கூச்சல் எழும்பும். அந்தக் கூச்சலுக்கு மதிப்புக் கொடுத்து விலகிக்கிறதுதான் ரொம்ப காலமா வழக்கம்.

இன்னொண்ணு. ட்ரிப்யூன் மேல கை வைக்க முடியாதுங்கிறது அந்தப் பதவியோட உயிர்நாடி. மரபுப்படி கி.மு. 494ல பிளெபியர்கள் ஊரை விட்டு வெளியேறி உட்கார்ந்தப்ப எடுத்த சத்தியத்துலேர்ந்து வந்தது அது: ட்ரிப்யூனைத் தொட்டவன் தெய்வத்துக்கு நேர்ந்துவிடப்பட்டவன், அவனைக் கொன்னா கொலைக்குற்றம் கிடையாது. பாதுகாப்புன்னு இருந்தது இந்த சத்தியம் மட்டும்தான். கான்சலுக்கு முன்னாடி 12 லிக்டர்கள், அதாவது சேவகர்கள், தடிக்கட்டோட நடப்பாங்க. ட்ரிப்யூனுக்கு ஒரு லிக்டர் கூடக் கிடையாது.

---

குறுக்குச்சால் எழுதியது:

எல்லாரும் வீட்டோவையே பிடித்துக்கொண்டு தொங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. தடுப்பது பாதி அதிகாரம். மீதிப் பாதி கூட்டத்தைக் கூட்டுகிறவர் கையில் இருந்தது, அதுதான் பெரிய பாதி.

ரோமானிய மன்றத்தில் குடிமகனால் பேச முடியாது. திருத்தம் கொண்டுவர முடியாது. கூட்டியவர் முன்வைத்த வாசகத்துக்கு ஆம் அல்லது இல்லை, இரண்டே பதில். கோன்டியோவில் யார் பேசலாம் என்பதும் கூட்டியவர் விருப்பம். ஏதென்ஸை மனதில் வைத்துக்கொண்டு ரோமைப் படித்தால் எல்லாம் தப்பாகப் புரியும்.

வாக்கும் தலைக்கு ஒன்று என்று எண்ணப்படவில்லை. கான்சல், பிரேட்டர் பதவிகளைத் தேர்ந்தெடுக்கும் சென்டூரியா மன்றத்தில் மொத்தம் 193 குழுக்கள், குழுவுக்கு ஒரு வாக்கு. மரபு சொல்லும் பழைய அமைப்பில் குதிரைவீரர் 18 குழு, முதல் சொத்து வகுப்பு 80 குழு. கூட்டினால் 98. பெரும்பான்மைக்கு 97 போதும்! மேல்தட்டு ஒற்றுமையாக இருந்தால் இரண்டாம் வகுப்பைக் கூப்பிடவே வேண்டாம், வாக்கெடுப்பு அங்கேயே முடிந்துவிடும். சொத்தே இல்லாதவர்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு குழு, அதுவும் வரிசையில் கடைசி.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் செய்த சீர்திருத்தத்தில் முதல் வகுப்பு 70ஆகக் குறைந்தது. கிகெரோ தரும் கணக்குப்படி 18உம் 70உம் தச்சர் குழு ஒன்றும் சேர்த்து 89. இன்னும் எட்டு வாக்குக் கிடைத்தால் 97. முதலில் வாக்களிக்கும் குழுவை முதல் வகுப்பின் இளையோர் குழுக்களிலிருந்து குலுக்கலில் எடுப்பார்கள். அதன் முடிவை உடனே எல்லார் காதிலும் விழும்படி அறிவிப்பார்கள். தெய்வமே காட்டிய வழி என்று மற்ற குழுக்கள் பின்தொடர்வது சகஜம்.

சட்டங்கள் பெரும்பாலும் நிறைவேறிய தொகுதி மன்றம் கொஞ்சம் சமத்துவமானது, கொஞ்சம்தான். 35 தொகுதிகள், 18 கிடைத்தால் வெற்றி. நகரத்துக்கு 4, கிராமப்புறத்துக்கு 31. விடுதலை பெற்ற அடிமைகளைப் பொதுவாக நான்கு நகரத் தொகுதிகளிலேயே அடைத்தார்கள். வாக்களிக்க ஆள் ரோமுக்கு வந்தாக வேண்டும், கி.மு. 70/69 குடிக்கணக்கில் சுமார் 9 லட்சம் குடிமக்கள் பதிவானார்கள். தொலைவில் உள்ள கிராமத் தொகுதிக்காரர்களில் வேலையை விட்டுவிட்டு நடந்து வரக்கூடியவர் யார், கூட்டத்தை எந்த நாளில் வைப்பது, இதையெல்லாம் தீர்மானித்தவர் கையில்தான் ஆட்சி இருந்தது.

---

நாணயப்பித்தன் எழுதியது:

குறுக்குச்சால் சொன்னதோடு ரகசிய வாக்கையும் சேர்க்க வேண்டும். அதற்கு முன்னால் ஒவ்வொருவராக வந்து வாயால் சொல்ல, ஒருவர் புள்ளி குறிப்பார். புரவலர் பக்கத்தில் நின்று காது கொடுத்துக் கேட்டால் முடிந்தது கதை. கி.மு. 139இல் தேர்தலுக்கும், 137இல் பெரும்பாலான மக்கள் விசாரணைகளுக்கும், 131இல் சட்டங்களுக்கும், 107இல் தேசத்துரோக வழக்குக்கும் எழுத்து வாக்கு வந்தது. மெழுகு பூசிய சிறு பலகை. சட்டத்துக்கு ‘வி’ எழுத்து ஆதரவு, ‘ஏ’ எழுத்து பழையபடியே இருக்கட்டும் என்பது.

பலகையைக் கூடையில் போடக் குறுகலான மரப்பாலத்தில் ஏறிப் போக வேண்டும். பாலம் அகலமாக இருந்தபோது பெரிய மனிதர்களின் ஆட்கள் அதிலேயே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கி.மு. 119இல் ட்ரிப்யூனாக இருந்த மாரியஸ் பாலத்தை ஒடுக்கிச் சட்டம் போட்டார். கான்சல் ஒருவர் எதிர்க்க, அவரையே சிறைக்கு அனுப்புவேன் என்று மிரட்டித்தான் நிறைவேற்றினார். அந்தப் பாலத்தைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்கள் லிசினியஸ் நெர்வா சுமார் கி.மு. 113இல் வெளியிட்ட டெனாரியஸ் வெள்ளிக்காசைத் தேடுங்கள்: ஒருவர் பலகையை வாங்குகிறார், இன்னொருவர் கூடையில் போடுகிறார்.

---

அரையணா எழுதியது:

நன்றி, இதைத்தான் எதிர்பார்த்தேன். அடுத்த சந்தேகம். தடுக்கிற ட்ரிப்யூன் கூச்சலுக்கு அசையாமல் நின்றுவிட்டால்?

---

செப்பேடு எழுதியது:

அப்படி நின்றவர்தான் மார்க்கஸ் ஆக்டேவியஸ், கி.மு. 133. திபேரியஸ் கிராக்கஸின் மசோதா, பொது நிலத்தில் ஒருவர் 500 யூகெராவுக்கு (ரோமானிய நில அளவு) மேல் வைத்திருக்கக் கூடாது என்றது (மகன்களுக்குக் கூடுதல் உண்டு). ஆக்டேவியஸ் வாசிப்பைத் தடுத்தார். திபேரியஸ் பதிலுக்குச் சனி தேவன் கோயிலில் இருந்த கருவூலத்துக்கு முத்திரை வைத்து, அரசு வேலை அனைத்தையும் நிறுத்தினார். வீட்டோவுக்கு எதிராக அவரும் தன் தடுப்பு அதிகாரத்தைத்தான் பயன்படுத்தினார் என்பதைக் கவனியுங்கள். அதுவும் பலிக்காதபோது, மக்களின் விருப்பத்துக்கு எதிராக நிற்கும் ட்ரிப்யூன் அந்தப் பதவியில் நீடிக்கலாமா என்று தொகுதிகளைக் கேட்டார். முதல் 17 தொகுதிகளும் ஆக்டேவியஸை நீக்கச் சொன்னதும் வாக்கெடுப்பை நிறுத்தி, அவரைக் கட்டிப்பிடித்து, விட்டுக்கொடுக்கும்படி கெஞ்சினார் என்கிறார் புளூட்டார்க். ஆக்டேவியஸ் அசையவில்லை. பதினெட்டாவது தொகுதியோடு பதவி போயிற்று.

நிலச் சட்டம் நிறைவேறியது. ஆனால் நிலத்தை அளக்கும் மூவர் குழுவுக்குப் படி அளக்க வேண்டியது செனட். அது நாளொன்றுக்கு ஒன்பது ஒபோல் என்று பிச்சைக்காசு ஒதுக்கியது. வீட்டோவை உடைத்தாலும் பணப்பெட்டியின் சாவி வேறு இடத்தில் இருந்தது. திபேரியஸ் மறுபடி ட்ரிப்யூனாகத் தேர்தலுக்கு நின்றபோது தலைமைப் பூசாரி நாசிகா தலைமையில் செனட்டர்கள் உடைந்த பெஞ்சுக் கால்களோடு வந்து அடித்துக் கொன்றார்கள்.

திபேரியஸ் போட்ட வழி மட்டும் அழியவில்லை. கி.மு. 67இல் கடற்கொள்ளையரை ஒடுக்கத் தளபதி பாம்பேக்கு மூன்றாண்டுத் தனி அதிகாரம் தரும் மசோதாவை ட்ரிப்யூன் கபினியஸ் கொண்டுவந்தார். சக ட்ரிப்யூன் டிரெபெல்லியஸ் குறுக்கே நின்றார். கபினியஸ் வாதாடவில்லை, உடனே டிரெபெல்லியஸைப் பதவிநீக்கும் வாக்கெடுப்பைத் தொடங்கிவிட்டார். 17 தொகுதிகள் நீக்கச் சொல்லி முடித்ததும் டிரெபெல்லியஸ் வாயை மூடிக்கொண்டார். இன்னொரு ட்ரிப்யூன் ரோஸ்கியஸ் பேச முயன்றும் கூச்சலில் குரல் எடுபடவில்லை. ஒருவர் போதாது, இரண்டு தளபதிகளைப் போடுங்கள் என்று இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார். அதற்கு எழுந்த இரைச்சலில் பறந்துபோன காக்கை ஒன்று செத்து விழுந்ததாம். காக்கைக்கு நான் பொறுப்பல்ல.

---

குறுக்குச்சால் எழுதியது:

கி.மு. 62ஐ விட்டுவிட்டீர்களே! வாசிப்பைத் தடுப்பது என்றால் என்ன என்பதற்கு அதைவிட நல்ல காட்சி கிடையாது.

பாம்பேயைப் படையோடு இத்தாலிக்கு அழைக்கும் மசோதாவை ட்ரிப்யூன் மெட்டெல்லஸ் நெபோஸ் கொண்டுவந்தார். இடம் காஸ்டர் கோயில் மேடை. படிகளில் ஆயுதம் தாங்கிய ஆட்கள், மேலே மெட்டெல்லஸும் அப்போது பிரேட்டராக இருந்த சீசரும். மசோதாவை எதிர்த்த ட்ரிப்யூன் கேட்டோவும் சக ட்ரிப்யூன் தெர்மஸும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேலேறினார்கள். இருவரும் காதோடு காதாகப் பேசிக்கொள்ள முடியாதபடி சீசருக்கும் மெட்டெல்லஸுக்கும் நடுவில் போய் உட்கார்ந்தார் கேட்டோ. எழுத்தர் படிக்க ஆரம்பித்தார், கேட்டோ தடுத்தார். மெட்டெல்லஸ் சுவடியை வாங்கித் தானே படித்தார், கேட்டோ பிடுங்கிக்கொண்டார். மெட்டெல்லஸுக்கு வாசகம் மனப்பாடம், பார்க்காமலே சொல்லத் தொடங்கினார். தெர்மஸ் கையால் அவர் வாயைப் பொத்திவிட்டார்.

பிறகு கல்லும் தடியும் பறந்தன. ஆனால் அந்த மசோதா நிறைவேறவில்லை.

---

தெற்குவாசல் எழுதியது:

சகுனத் தடுப்பைப் பத்தி யாரும் பேசலையே. வீட்டோவுக்கு அண்ணன் அது. ஒரு அதிகாரி “நான் வானத்துல குறி பார்க்கப் போறேன்”னு அறிவிச்சாலே மின்னல் தெரிஞ்ச மாதிரிதான், அன்னிக்கு மன்றம் கூடக்கூடாது. ஆனா இங்கயும் அதே நிபந்தனை: கூட்டம் ஆரம்பிக்கிறதுக்குள்ள நேர்ல வந்து சொல்லணும்.

கி.மு. 59ல சீசரோட சக கான்சல் பிபுலஸ் சட்டம் நிறைவேறுற அன்னிக்கு ஃபோரத்துக்கு (நகர மையச் சதுக்கம்) வந்தாரு. தலையில சாணிக்கூடையைக் கவுத்தாங்க, லிக்டர்களோட தடிக்கட்டை ஒடிச்சாங்க. அதுக்கப்புறம் வருஷம் முடியிற வரைக்கும் வீட்டுக்குள்ளயே இருந்துக்கிட்டு, வானம் பார்க்கிறேன்னு அறிக்கை மேல அறிக்கை விட்டாரு. அறிக்கை செல்லுமா, நேர்ல வந்தாத்தான் செல்லுமா? சீசரோட எதிரிங்க அந்த வருஷத்துச் சட்டங்கள் அத்தனையும் செல்லாதுன்னாங்க. ரத்து பண்ண மட்டும் யாராலயும் முடியலை. ஊர்க்காரங்க “ஜூலியஸும் சீசரும் கான்சலா இருந்த வருஷம்”னு கிண்டல் பண்ணாங்க.

நேர்ல சொல்றதுக்காக எப்படி ஓடினாங்கன்னு தெரியணும்னா கி.மு. 57 நவம்பரைப் பாருங்க. அரசியல்வாதி குளோடியஸ் ஏடில் ஆயிட்டா அவர் மேல இருக்கிற வழக்கு நிக்காது. அதனால தேர்தலை நடக்கவிடாம பண்ண ட்ரிப்யூன் மிலோ நடுராத்திரிக்கு முன்னாடியே ஆட்களோட, தேர்தல் நடக்கிற மார்ஸ் திடல்ல போய் உட்கார்ந்துட்டாரு. அந்த வருஷ கான்சல் வேற யாரும் இல்லை, மேலே வாயைப் பொத்தினாங்களே, அதே மெட்டெல்லஸ் நெபோஸ். அவர், “ராத்திரில திடல்ல எதுக்கு ஒளியணும், காலையில முதல் மணிக்கு ஃபோரத்துல இருக்கிற கொமிட்டியத்துக்கு வா, அங்க சொல்லு”ன்னாரு. மிலோ இருட்டோட இருட்டா அங்க வந்து காத்திருந்தா, விடியிற நேரத்துல மெட்டெல்லஸ் சந்துபொந்து வழியா திடலுக்கு நழுவுறாரு. மிலோ துரத்திப் போய் வழியிலயே பிடிச்சு அறிவிச்சாரு. அன்னிக்குத் தேர்தல் இல்லை. ஆனா தள்ளிப்போடத்தான் முடிஞ்சது. அடுத்த ஜனவரில குளோடியஸ் ஏடில் ஆயிட்டாரு.

சென்டூரியா மன்றத்துக்கு இன்னும் சுலபமான வழி ஒண்ணு இருந்தது. அது கூடியிருக்கிற வரைக்கும் யானிகுலம் குன்றுல சிவப்புக் கொடி பறக்கணும், இறங்கினா கூட்டம் கலையணும். எதிரி வர்றானான்னு காவல் இருந்த காலத்து வழக்கம். கி.மு. 63ல அந்த மன்றம் விசாரிச்ச ராபிரியஸ் வழக்குல தண்டனை உறுதின்னு ஆனப்ப பிரேட்டர் ஒருத்தர் குன்றுல ஏறிக் கொடியை இறக்கிட்டாரு. விசாரணை க்ளோஸ்.

---

மட்டுறுத்துநர்: இழை நன்றாகப் போகிறது. தற்கால அரசியலோடு ஒப்பிட்ட இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. தலைப்பை ஒட்டியே எழுதவும்.

---

செப்பேடு எழுதியது:

செனட்டுக்குள் நடந்ததையும் சொல்லிவிடலாம், குறுக்குச்சாலின் வாதத்துக்கு அது உதவும்.

செனட் சட்டம் இயற்றாது, ஆலோசனைதான் சொல்லும். சட்டப்படி நிலை அது. ஆனால் கருவூலம், மாகாணங்கள், படைகளுக்கான செலவு எல்லாம் அதன் தீர்மானத்தில் ஓடின. சர்வாதிகாரி சல்லாவுக்கு (கி.மு. 81) முன் சுமார் 300 பேர், பின் சுமார் 600. கூட்டுபவர் பதவியிலிருக்கும் அதிகாரி. அவர் விஷயத்தை முன்வைத்து, வரிசைப்படி கருத்துக் கேட்பார்: முன்னாள் கான்சல்கள் முதலில், பிறகு முன்னாள் பிரேட்டர்கள், அப்படியே கீழே. கடைநிலைக்காரர்களிடம் வரிசை வந்து சேர்வதே அபூர்வம். அவர்கள் வாக்கெடுப்பில் எந்தப் பக்கம் நடந்து போய் நிற்கிறார்கள் என்பதுதான் அவர்கள் பேச்சு.

பேசுபவருக்கு நேர வரம்பு கிடையாது, ஆனால் சூரியன் மறைந்தபின் தீர்மானம் எடுக்கக் கூடாது. இரண்டையும் கோத்துக் கேட்டோ ஆயுதமாக்கினார். கி.மு. 59இல் சீசரின் நில மசோதா மீது அவர் பேச்சை நீட்டிக்கொண்டே போக, சீசர் அவரைச் சிறைக்கு இழுத்துப்போக உத்தரவிட்டார். செனட்டர்கள் எழுந்து கேட்டோவின் பின்னால் நடக்கத் தொடங்கினார்கள். “கூட்டம் முடியவில்லையே, எங்கே போகிறாய்?” என்று சீசர் கேட்டதற்கு, “உன்னோடு இங்கே இருப்பதைவிடக் கேட்டோவோடு சிறையில் இருப்பேன்” என்றார் பெட்ரேயஸ் என்பவர். சீசர் உத்தரவைத் திரும்பப் பெற்றார். செனட்டை ஒதுக்கிவிட்டு நேரே மக்கள் மன்றத்துக்குப் போய்விட்டார்.

ட்ரிப்யூன் வீட்டோ போட்ட செனட் தீர்மானம் குப்பைக்குப் போய்விடாது. ‘செனட்டின் கருத்து’ என்று பதிவாகும். கட்டுப்படுத்தாது, ஆனால் யார் தடுத்தார் என்ற பெயரோடு ஏட்டில் கிடக்கும். அதுவே ஒரு நெருக்கடி.

---

குறுக்குச்சால் எழுதியது:

உதவிதான், நன்றி. முத்தாய்ப்பாக ஒரு நாள்: கி.மு. 50, டிசம்பர் 1. கான்சல் மார்கெல்லஸ் கேள்வியை இரண்டாகப் பிரித்து முன்வைத்தார். சீசருக்குப் பதில் வேறு ஆளுநரை அனுப்பலாமா? பெரும்பான்மை, ஆம். பாம்பேயின் படையைப் பறிக்கலாமா? பெரும்பான்மை, கூடாது. ட்ரிப்யூன் கூரியோ எழுந்து அதே அவையில் வேறு மாதிரி கேட்டார்: இருவரும் ஒரே நேரத்தில் படையைக் கலைக்கட்டுமா? 370 பேர் ஆம், 22 பேர் இல்லை.

ஒரே செனட், ஒரே நாள், கேட்ட விதம் மட்டும் வேறு. அந்த 370 பேருக்கும் தங்கள் முடிவைச் செயலாக்கும் கருவி எதுவும் கையில் இல்லை. மார்கெல்லஸ் கூட்டத்தைக் கலைத்துவிட்டார். பிறகு செனட் தீர்மானம் ஏதுமில்லாமலே பாம்பேயிடம் வாளைக் கொடுத்துப் படைத்தலைமை ஏற்கச் சொன்னார். கி.மு. 49 ஜனவரி 7ஆம் தேதி செனட்டின் இறுதித் தீர்மானம் வந்தது: கி.மு. 121இல் கையஸ் கிராக்கஸ் மீது முதலில் ஏவப்பட்ட அதே ஆயுதம், குடியரசுக்குக் கேடு வராமல் கான்சல்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்பது. வீட்டோ போட்டுவந்த ஆன்டனியும் குவின்டஸ் காஸியஸும் உயிருக்குப் பயந்து சீசரிடம் ஓடினார்கள். ட்ரிப்யூன்களின் உரிமையைக் காக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே சீசர் இத்தாலியின் எல்லையான ரூபிகான் ஆற்றைத் தாண்டினார். அதே ஆண்டு கருவூலத்தைத் திறக்கவிடாமல் தடுத்த ட்ரிப்யூன் மெட்டெல்லஸை (நெபோஸ் அல்ல, வேறொருவர்) கொன்றுவிடுவேன் என்று மிரட்டியவரும் அவரேதான்.

---

அரையணா எழுதியது:

அப்படியானால் வீட்டோவைச் சட்டப்படியே ஒழித்திருக்கலாமே? சல்லா அதைத்தானே முயன்றார்?

---

செப்பேடு எழுதியது:

சல்லா பதவியை ஒழிக்கவில்லை, ஆள் வராதபடி செய்தார். ட்ரிப்யூனாக இருந்தவர் அதற்கு மேல் எந்தப் பதவிக்கும் நிற்க முடியாது என்றார். திறமையும் ஆசையும் உள்ளவர்கள் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார்கள் என்று கணக்கு. மசோதா கொண்டுவரும் உரிமையையும் வீட்டோவையும் சுருக்கினார். கி.மு. 75இல் பதவித் தடை நீங்கியது, 70இல் பாம்பேயும் கிராஸஸும் கான்சல்களாக இருந்தபோது மீதியும் திரும்பிவிட்டது. பதினோரு ஆண்டு போலத்தான் தாங்கியது.

முதல் பேரரசர் அகஸ்டஸ் எதிர்த்திசையில் போனார். யூலியஸ் குடும்பத்துக்குத் தத்துப் போன பேட்ரிசியர் என்பதால் அவர் ட்ரிப்யூன் ஆகவே முடியாது. கி.மு. 23இல் கான்சல் பதவியை விட்டுவிட்டு, பதவி இல்லாமல் ட்ரிப்யூனின் அதிகாரத்தை மட்டும் வாழ்நாளுக்கும் வாங்கிக்கொண்டார். வீட்டோ, செனட்டைக் கூட்டும் உரிமை, மசோதா கொண்டுவரும் உரிமை, தீண்ட முடியாத உடம்பு எல்லாம் வந்தன. ஆண்டுத் தேர்தல் வரவில்லை. படைகளுக்கும் மாகாணங்களுக்கும் தனியாக ஓர் அதிகாரம் இருந்ததால் முதல் மைல்கல் எல்லையும் அவரைக் கட்டவில்லை. பத்து ட்ரிப்யூன்களும் வழக்கம்போல ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்தார்கள்.

---

நாணயப்பித்தன் எழுதியது:

இந்தக் கட்டத்தை நம் ஊர்ப் புதையல்களிலேயே பார்க்கலாம். தமிழ்நாட்டில், குறிப்பாகக் கோவை வட்டாரத்தில், கிடைத்த ரோமானிய வெள்ளிக்காசுகளில் அகஸ்டஸ், அவருக்குப் பின் வந்த பேரரசர் திபேரியஸ் ஆகியோரின் காசுகள்தான் மிக அதிகம். அகஸ்டஸின் ஒரு வகையில் பின்பக்கம் கையஸ், லூசியஸ் என்ற இரு பையன்கள் கேடயமும் ஈட்டியுமாக நிற்பார்கள். சுற்றிலும் உள்ள சுருக்கெழுத்து, அகஸ்டஸின் மகன்கள், வரப்போகும் கான்சல்கள், இளைஞர்களின் முதல்வர்கள் என்கிறது. குடியரசில் கான்சல் ஆக 42 வயது நிரம்பியிருக்க வேண்டும். கையஸ் கி.பி. 1இல் கான்சல் ஆனபோது அவருக்கு 20கூட நிரம்பவில்லை. யாரும் வீட்டோ போட்டதாகத் தகவல் இல்லை.

---

அரையணா எழுதியது:

காசுகளிலும் கல்வெட்டுகளிலும் ‘டிஆர் பி’ என்று போட்டு ரோமன் எண் வருகிறதே, அது இந்த ட்ரிப்யூன் அதிகாரம்தானா? அதை ஆண்டாக மாற்ற ஏதாவது குறுக்குவழி உண்டா?

---

நாணயப்பித்தன் எழுதியது:

அதேதான். அந்த அதிகாரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டதாகக் கணக்கு, அதனால் அது ஆட்சியாண்டு போலவே பயன்படும். அகஸ்டஸுக்கு எண் 23 வரை இருந்தால் 24இலிருந்து கழியுங்கள், கி.மு. ஆண்டு கிடைக்கும். 24 முதல் மேலே இருந்தால் 23ஐக் கழியுங்கள், கி.பி. ஆண்டு. இடையில் பூஜ்ய ஆண்டு கிடையாது என்பதால்தான் இரண்டு கணக்கு. சரிபார்க்க: அவர் இறந்தது 37ஆம் எண்ணில், 37இல் 23 போனால் கி.பி. 14.

ஒரு எச்சரிக்கை. அவருடைய எண் மாறுவது கோடை நடுவில், ஜூன் கடைசி அல்லது ஜூலை தொடக்கம். ஆகவே ஒரே எண் இரண்டு நாட்காட்டி ஆண்டுகளில் பாதிப் பாதி விழும். மேலே சொன்ன கழித்தல் அது தொடங்கிய ஆண்டைத் தரும். திபேரியஸுக்கு இந்தச் சூத்திரத்தைப் போடாதீர்கள். அவர் கி.மு. 6இல் ஐந்தாண்டுக்கு வாங்கி, விட்டு, கி.பி. 4இல் ஆறாவது எண்ணிலிருந்து தொடர்ந்தார். அவருக்கு ஆறிலிருந்து மேலே உள்ள எண்ணில் 2ஐக் கழித்தால் போதும். இரண்டாம் நூற்றாண்டுப் பேரரசர்களுக்கு எண் மாறும் நாளே வேறு, டிசம்பர் 10.